பச்சைச் சோடி

விநாயகமூர்த்தியரின் காணி உறுதிப் பத்திரம் அன்றைக்கும் ஊர்ந்துதான் வந்தது. திரையில் முதலில் முத்திரையின் மேற்பாதி தெரிந்தது. சற்றுப் பொறுத்து நொத்தாரிசின் பெயர். அதன்பிறகு மூன்று நிமிடமாக ஒன்றுமில்லை.

"என்ன பிள்ளை, என்ர வளவு நாரந்தனையிலையிருந்து நடந்தோ வருகுது?" என்று கேட்டார் அவர்.

பக்கத்து வாங்கில் இருந்த அன்னப்பிள்ளை விடவில்லை. "சம்பா பிந்துதாம் அண்ணை. பச்சையரிசியைப் போடச் சொல்லுங்கோ, கெதியா வேகும்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கணினிக்கு முன்னால் இருந்த ஞானசவுந்தரியும் சிரித்துவைத்தாள். அந்தப் பகிடிக்கு வழி விட்டவளே அவள்தான். பாதிரியார் இருக்கும் பங்குமனையின் பின்னறையில் உள்ள கணினி லினக்ஸில் ஓடுவது. முற்றத்துக்கு அப்பால், சனம் வந்துபோகும் றோட்டுக்கரைக் கந்தோரில் அவள் முன்னால் இருப்பது விண்டோஸ். இரண்டுக்கும் நடுவில் நின்று கோப்புகளைக் கைமாற்றிவிடும் நிரலுக்குச் சம்பா என்று பெயர். யாரோ விளக்கம் கேட்டபோது அதைச் சொல்லிவிட்டாள். அன்று தொடக்கம் ஊர்காவற்றுறையில் அரிசி வேகிறது.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது பலரிடம் உறுதி இருக்கவில்லை. இருந்ததும் கறையான் தின்ற மிச்சம். கிடைத்ததையெல்லாம் வாங்கிப் படம் பிடித்து, ஊர் ஊராகப் பிரித்து அந்தப் பின்னறைக் கணினியில் வைத்தவன் கிறிஸ்தோப்பர், அவளுடைய புருசன். போன கார்த்திகையில் யாழ்ப்பாணத்துக்கென்று மோட்டார் சைக்கிளில் போனான். இரண்டு நாள் கழித்துச் சைக்கிள் ஓரிடத்தில் கிடந்தது, அவனுடைய உடல் வேறோரிடத்தில் கிடந்தது. ஆர் செய்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்கிற காலமும் இல்லை அது. வேலையை மட்டும் அவள் ஏற்றுக்கொண்டாள்.

உதவி செய்யும் நிறுவனத்திலிருந்து தர்சன் என்ற அலுவலர் போன கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனான். நல்ல பொடியன், அவள் முகத்தை நேரே பாராமல் பேசினான்.

"ரெண்டும் ரெண்டு பாசை, அக்கா. அதுதான் இழுபடுது. வாற வெள்ளிக்கிழமை உள்ளுக்கிருக்கிறதை முழுக்க அழிச்சுப்போட்டு அதிலையும் விண்டோசைப் போட்டுவிடுறன். உறுதியளுக்குப் பயமில்லை, பிரதி எடுத்துத்தான் அழிப்பன்."

"ஓம் தம்பி" என்றாள். வேறு என்ன சொல்வது? உறுதிகளுக்கு ஒன்றும் வராது என்று அவளுக்கும் தெரியும்.

அந்தக் கணினியைக் காலையில் திறந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். தமிழ் எழுத்து அதில் ஏறவில்லை என்று கிறிஸ்தோப்பர் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்துவைத்திருந்தான்: வாரும் சவுந்தரி, இருந்து வேலையைப் பாரும். அவன் இருந்த காலத்தில் அதை அவள் வாசித்ததே இல்லை எனலாம். இப்போது அந்த வரிக்காகத்தான் ஒன்பது மணிக்கு ஜெனரேற்றர் போடும்வரை பங்குமனை வாசலில் நிற்கிறாள். அழித்தால் அதுவும் போய்விடும். கொப்பியில் எழுதிவைக்கலாம்தான். கொப்பி அவளைப் பார்த்து வாரும் என்று சொல்லாது.

ஆகவே, பிழை அவனுடைய கணினியில் இல்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவனுடைய குறிப்புக் கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு தொடங்கினாள். ஒரு உறுதியை அந்தக் கணினிக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பிரதி செய்தாள். கண் மூடித் திறக்க முதல் முடிந்தது. ஆக, கணினியின் வட்டில் குறையில்லை. பிறகு சம்பாவை விட்டுவிட்டு, கொப்பியில் இருந்த வேறொரு வழியால் அதே உறுதியைக் கந்தோருக்கு அனுப்பினாள். அதுவும் சம்பாவைப் போலவே பதினொரு நிமிடம். மொழிபெயர்ப்பவனை மாற்றியும் கதை அதே வேகத்தில்தான் வருகிறது என்றால் குற்றம் மொழிபெயர்ப்பவனில் இல்லை. அன்று பின்னேரம் தனியே சோறு தின்றபோது, மேசையின் மறுபக்கத்தைப் பார்த்து இதைச் சொல்ல வாய் எடுத்து, நிறுத்தினாள்.

புதன்கிழமை விநாயகமூர்த்தியர் அச்செடுத்த உறுதியில் ஒரு பக்கம் குறைகிறது என்று மறுபடி வந்தார். பென்சன் எடுக்குமட்டும் ரெலிபோன் வயர் இழுத்தவர்.

"நாங்கள் முதலிலை ரெலிபோனைக் கழட்டிறேல்லை பிள்ளை. வயரைத்தான் பாப்பம். சனம் எப்பவும் ரெலிபோனைத்தான் ஏசும்."

"வயரிலை பிழையில்லை ஐயா. அவர் இழுத்தது. மூண்டு வரியம் நல்லா ஓடினது."

"நான் அவரைக் குறை சொல்லேல்லை. எப்ப தொடங்கினது உந்த இழுவை?"

அவள் யோசித்தாள். மாசி மாதம் மின்னல் அடித்துக் கந்தோரிலிருந்த, இரண்டு கணினியின் வயரும் வந்து கூடும் பழைய இணைப்புப் பெட்டி எரிந்துபோனது. நிறுவனம் புதுப் பெட்டி அனுப்பியது. பழையதைவிடப் பத்து மடங்கு வேகமானது என்று மட்டையில் போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான்.

அவர் போனபின் கந்தோர்க் கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். வேப்பமரத்தடியில் ஒருமுறை இறக்கி இளைப்பாறினாள். பின்னறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதுப் பெட்டியோடு வந்த முழ நீள வயரையும் அந்தப் பெட்டியையும் போட்டு இணைத்தாள். உறுதியைத் திறந்தாள். முத்திரை, நொத்தாரிசு, எல்லைகள், கையொப்பம் எல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன.

"கண்டீங்களே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். லினக்ஸும் விண்டோசும் ஒன்றுக்கொன்று பகையில்லை. அவன் வைத்ததெல்லாம் வைத்தபடி சரி.

சந்தோசம் அடங்கியபின்தான், மிச்சம் இருப்பது என்ன என்று பார்த்தாள். பங்குமனைச் சுவரிலிருந்து வேப்பமரத்துக்கும் அங்கிருந்து கந்தோர்க் கூரைக்கும் போகிற அறுபது மீற்றர் வயர். அதன் இரண்டு தலைகளும் கிறிஸ்தோப்பர் தன் கையால் இறுக்கியவை.

வயர்த் தலையை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடி போன்ற அந்தச் சின்னத் தலைக்குள் எட்டு நிறம் வரிசையாகத் தெரிந்தது. செம்மஞ்சளும் அதன் வெள்ளைக்கோடு போட்ட துணையும். பச்சையும் அதன் துணையும். நீலமும் துணையும். மண்ணிறமும் துணையும்.

இதைப் போட்ட நாள் அவளுக்கு நினைவிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, இதே அறையில். அவள் தாளைப் பார்த்து நிறம் வாசித்தாள், அவன் அடுக்கினான்.

"பச்சைச் சோடியைப் பிரிக்கவேணுமாம். நடுவிலை நீலச் சோடி வரவேணுமாம். தாளிலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஏனாம்?"

"ஏனெண்டு எழுதேல்லை."

"அப்ப விடும். சோடி சோடியாய்க் கிடக்கட்டும். ரெண்டு தலையிலையும் ஒரே மாதிரிப் போட்டால் சரிதானே."

அவள் தாளை மடித்துவைத்தாள். தொண்ணூறில் வள்ளத்துக்கு ஆள் ஏற்றியவர்கள் பாரம் பார்த்துத்தான் ஏற்றினார்கள். கிறிஸ்தோப்பரின் தாய் முதல் வள்ளத்தில், தகப்பன் இரண்டாவதில். இரண்டாவது வள்ளம் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவன் சந்தையில் ஆட்டை விற்றாலும் குட்டியோடு சேர்த்து வாங்குகிறவனுக்குத்தான் விற்பான்.

வியாழக்கிழமை விநாயகமூர்த்தியரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"எங்கடை லைனிலையும் இப்பிடித்தான். பேசிற வயருக்கு அதின்ர துணை இல்லாமல் வேறை சோடியிலை ஒண்டைச் சேர்த்துவிட்டால், பக்கத்து வீட்டுக் கதை இதுக்குள்ளை கேக்கும். மெல்லப் பேசினால் சமாளிக்கலாம். கெதியாப் பேசினால் ஒண்டும் விளங்காது. திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டி வரும்."

"இது சோடி சோடியாத்தானே கிடக்கு?"

"பார்வைக்குச் சோடி. வேலைக்கு இல்லை. இந்தத் தலையிலை மூண்டாம் கம்பியும் ஆறாம் கம்பியும்தானே ஒரு சோடியாய்ப் பேசுது? எண்ணிப் பாரும், என்ன நிறமெண்டு."

எண்ணினாள். மூன்றில் பச்சை. ஆறில் நீலத்தின் துணை.

"ரெண்டு தலையையும் வெட்டிப்போட்டுப் புதுசு போட்டால் சரி" என்றார்.

"தலைக்கு எங்கை போறது ஐயா? பாதை பூட்டிக் கிடக்கு."

அது உண்மைதான், சண்டை தொடங்கிக் கொழும்புப் பாதையைப் பூட்டியதிலிருந்து அப்படிச் சாமான் ஒன்றும் யாழ்ப்பாணக் கடைகளுக்கே வருவதில்லை. அவனுடைய மேசை லாச்சியில் ஒரு தகரப் பேணிக்குள் நாலு தலை இருந்ததும் உண்மைதான். அதை அவள் சொல்லவில்லை.

அவர் போனபிறகு கந்தோர்க் கணினியையும் பெட்டியையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து, கொப்பியை மறுபடி புரட்டினாள். பழைய பெட்டியின் வேகத்துக்குக் கணினியைக் கட்டிவைக்க ஒரு வரிக் கட்டளை இருந்தது. அதை அடித்தாள். கந்தோருக்கு ஓடிப்போனாள். புதுப் பெட்டியில் பச்சை வெளிச்சம் அணைந்து மஞ்சள் வெளிச்சம் வந்திருக்க, உறுதியைத் திறந்தாள். மூன்று எண்ணுவதற்குள் திறந்தது.

வெள்ளிக்கிழமை தர்சன் வந்தான். பத்து உறுதிகளைத் திறந்து பார்த்தான்.

"என்ன செய்தனீங்கள் அக்கா?"

"வேகத்தைக் குறைச்சனான்."

"குறைச்சால் கூடுமோ?" என்று சிரித்தான். அவள் விளங்கப்படுத்தினாள். கேட்டுவிட்டு, "அப்ப அழிக்கத் தேவையில்லை. இருக்கட்டும்" என்றான். பிறகு படிவத்தை எடுத்து, பிழையின் காரணம் என்ற இடத்தில் வயர்த் தலை என்று எழுதினான். அடுத்த இடம், பொருத்தியவர் பெயர்.

"ஆர் போட்டது?"

"கிறிஸ்தோப்பர்."

அவன் பேனையைத் தூக்கிக்கொண்டான். "அதை விடுவம் அக்கா. பிழை எண்டு போட்டு அவரின்ர பேரை..."

"எழுதும் தம்பி. அவர்தான் போட்டவர்."

அவன் எழுதினான். கடைசியாக அந்தப் பெயரை ஒருவர் எழுதியது மரணப் பத்திரத்தில். இது அதைப்போல் இல்லை. ஒரு மனுசன் வேலை செய்தான், அதில் ஒரு பிழை விட்டான், அவ்வளவுதான்.

அவன் போனபின், ஜெனரேற்றர் நிறுத்தும் பன்னிரண்டு மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. பின்னறைக்குப் போய் இருந்தாள். மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாளைப் பார்த்துச் சொன்னதுதான் சரி. அவன் இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லியே ஆளை உரித்திருப்பாள். அவனும் சோற்றுக்கோப்பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடியிருப்பான். அந்தத் தாளையும் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அறிந்த ஆள் இப்போது அவள் ஒருத்திதான்.

காலையில் வரும் அந்த வரி இருக்கிற கோப்பைத் திறந்தாள். அவனுடைய வரியைத் தொடாமல், கீழே ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டி ஒன்று அடித்தாள்: நான் அண்டைக்கே சொன்னனான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜெனரேற்றர் போட்டார்கள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. வாசித்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.