மூன்றாவது ஸ்டாண்டில் சத்தமில்லை

எங்கள் இசைக்குழுவில் இரண்டு வயலினுக்கு, இசைக்குறிப்புத் தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட். மூன்றாவது ஸ்டாண்டில் நானும் அக்காவும். கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரி.

என் இடது சுண்டுவிரல் மரத்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே கைவலி என்று சொன்னவளின் நாற்காலியில் மறுவாரமே வேறொருத்தி இருப்பாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அதுவும் வயலின் படிக்க. “பிடில் சோறு போடுமா?” என்று கேட்ட சித்தப்பாவின் வாய்க்கு அவல் போட எனக்கு விருப்பமில்லை.

அதனால் இசையில் விரல் வேகமாக ஓட வேண்டிய அந்த ஒரு இடம் வந்தால் வில்லைத் தந்தியில் படாமல் மயிரிழை மேலே ஓட்டினேன். தோள் அசையும், தலை ஆடும், சத்தம் வராது. இத்தனை வயலினுக்கு நடுவில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது. அந்த இடத்துக்காகத்தான் நான் வயலினையே எடுத்தேன்.

நேற்று ஒத்திகையில் இசை நடத்துநர் பாதியில் நிறுத்தினார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம்.

“யாரோ முந்துறீங்க. ஸ்டாண்ட் ஸ்டாண்டா வாசிங்க.”

முதலாவது. இரண்டாவது. அடுத்து நாங்கள். அக்கா இருக்கிற தைரியத்தில் வில்லைத் தூக்கிப் பிரமாதமாக ஆடினேன். அவளும் ஆடினாள். அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அடிப்பாவி, நீயுமா?” அக்கா உதடு அசையாமல் கேட்டாள். “தோள்பட்டை தூக்க முடியல. உன்ன நம்பித்தான்டி உக்காந்திருக்கேன்.”

“என்னம்மா, ஊமைப்படம் ஓட்டுறீங்களா?” என்றார் கடிகாரம். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்கு விரல் சார், இவங்களுக்குத் தோள். மூச்சு விடாம வாசிக்க வச்சா வேற என்ன ஆகும்? சிரிக்கிறவங்கள முழுக்கைச் சட்டையச் சுருட்டச் சொல்லுங்க, எத்தன பேர் வலிக்குப் பட்டை கட்டியிருக்காங்கன்னு பாப்போம்.”

சிரிப்பு நின்றது. ஒருவரும் சட்டையைச் சுருட்டவில்லை.

“குணமானதும் வாங்கம்மா,” என்றார்.

“எங்க இடம் இருக்குமா சார்?”

“பாக்கலாம்.”

வெளியே படிக்கட்டில் நின்றோம். உள்ளே மறுபடி ஆரம்பித்தார்கள்.

“வா, டாக்டரப் பாக்கலாம்.”

“இருங்கக்கா. அந்த இடம் வரப்போகுது.”

வந்தது. நாங்கள் இல்லாமலே நன்றாக இருந்தது, பாவிகள். என் விரல்கள் கைப்பிடிக் கம்பியில் தாமாக ஓடின. சுண்டுவிரல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.