ஏழாம் பாடத்தை ஒப்பித்த பெண்

குருவிக்கு ஒன்பது வயது. வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் அது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள். நேற்றுச் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்று அவளுக்கு முன்பின் தெரியாத ஆள். கெஞ்சிப் பார்த்தாயிற்று, அடித்தும் பார்த்தாயிற்று. லாரி ஓட்டும் அப்பா எப்போதாவது வீட்டுக்கு வருவார். தனக்கு மட்டும் படிப்பு வந்து கிழித்ததா என்று கேட்டுவிட்டுக் குறட்டை விடுவார். நல்ல மனுஷன், போங்கள்!

திரைச்சீலை தைத்துப் பிழைக்கும் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மெஷினை மிதித்துக்கொண்டே பாடத்தை உரக்கப் படிப்பாள். குருவி அதை அப்படியே காதில் பிடித்துக்கொள்வாள். எந்தச் சொல் வந்ததும் பக்கத்தைப் புரட்டுவது, விரலை எப்படி வரிக்கு வரி நகர்த்துவது என்பதற்கெல்லாம் ஒத்திகை உண்டு. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் பெண் பொளந்துகட்டுவாள். எழுத்துப் பரீட்சையில் முட்டை வாங்கினால், சோம்பேறி என்று திட்டுவார்கள். மக்கு என்பதற்குச் சோம்பேறி தேவலை என்று அம்மா மனசைத் தேற்றிக்கொள்வாள்.

இந்த வருஷம் வந்த வகுப்பு டீச்சருக்குத்தான் சந்தேகம் தட்டியது. படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று சிறப்பு டீச்சர் ஒருவர் வரப்போகிறார், கொஞ்சம் பேருக்குத்தான் இடம், குருவியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார் அம்மாவிடம். ஏழாம் பாடத்தைப் படிக்கச் சொல்வார்கள், பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள் என்றும் சொன்னார்.

அம்மாவின் காதில் விழுந்தது இரண்டே விஷயம்: இடம் கொஞ்சம், பாடம் ஏழு. இடம் என்றால் போட்டி, போட்டி என்றால் நன்றாகச் செய்தவருக்குத்தானே கிடைக்கும்? அவள் அறிந்த உலகம் அப்படி. ஒரு வாரம் முழுக்க மெஷின் சத்தத்தோடு ஏழாம் பாடமும் ஓடியது.

சிறப்பு டீச்சர் வந்த அன்று காலை, பள்ளியில் அம்மாக்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, குருவி ஒரு பிசிறு இல்லாமல் படித்து முடித்தாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சிறப்பு டீச்சர் சிரித்தார். "நல்லா படிக்கிறாளேம்மா. இவளுக்கு இந்த வகுப்பு வேண்டாம். படிக்க முடியாத பிள்ளைங்களுக்குத்தான் இது."

அம்மா பெஞ்சை விட்டு எழுந்தாள். அட பாவி, என் கையாலேயே கெடுத்துவிட்டேனே! பெண்ணுக்குப் படிக்கவே தெரியாது என்று மன்றாடினாள். எல்லா அம்மாக்களும் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று சொல்லிவிட்டு, டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அம்மா புத்தகத்தைப் பிடுங்கி வேறொரு பக்கத்தைத் திறந்தாள்.

"இத படி."

குருவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது. பிறகு முதல் வரியில் விரலை வைத்து, அதே ஏழாம் பாடத்தை ஆரம்பித்தாள். விரல் வரிக்கு வரி நகர்ந்தது. சரியான சொல்லில் பக்கமும் புரண்டது. அங்கே முழுக்க ஒரு மாட்டுப் படம் இருந்தது. அதன் மேலும் விரல் நகர்ந்தது. பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், கூடவே இன்னும் சிலரும் சிரித்தார்கள். டீச்சர் அவசரமாகப் புத்தகத்தை மூடினார். திங்கட்கிழமை முதல் அனுப்பச் சொன்னார்.

 தெருவுக்கு வந்ததும் குருவி அம்மாவின் பிடியிலிருந்து கையை உதறிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல? எல்லாரும் சிரிக்கட்டும்னுதானேம்மா வேற பக்கம் குடுத்த?"

இல்லை என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கிளம்பியபோது, அப்பாடா, இனி நம்பிவிடுவார்கள் என்று தன் மனசு நிம்மதிப்பட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.