அரை மில்லிமீட்டர்

விரிசல் கீலில்தான் இருந்தது. நுண்ணோக்கியில் ஒரு முடி விழுந்து கிடப்பதுபோலத் தெரிந்தது. ஊதிப் பார்த்தேன், போகவில்லை. ஏழு மாத உழைப்பு அது. உள்ளங்கை அளவு உலோகக் கட்டி; சக்கரமோ பேரிங்கோ கிடையாது. மின்பொறி பாயும் கம்பியால் வெட்டி மெலிதாக்கிய கீல்கள் வளைந்து கொடுப்பதால்தான் நடுவிலுள்ள மேடை நகரும். மின்சாரம் கொடுத்தால் ஒரு துளி மட்டும் நீளும் பீசோ துண்டு அதைத் தள்ளும். ஒரு தலைமுடியின் கனத்தை எண்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு துல்லியமாக அது நிற்க வேண்டும்; அரை மில்லிமீட்டர் தூரமும் போக வேண்டும். இரண்டும் லேசில் சேர்ந்து வராது. தூரம் வேண்டுமென்று கீலை மெலிதாக்கினால், பக்கத்தில் யாராவது இருமினால்கூட நடுங்கும். "அரை மில்லிமீட்டர் நகர்த்த ஏழு மாசமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அலமாரியை ஓரமாகத் தள்ளச் சொல்லி நான் அவரிடம் கெஞ்ச ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். விரிசலைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே முடிவு கட்டிவிட்டார்.

"வெட்டு சரியில்ல. அந்தப் பட்டறை ஆளுக்கு வயசாயிடுச்சு. அறிக்கையில அப்படியே எழுதி கையெழுத்து போட்டுடுங்க. இனிமே வேற பட்டறைக்குக் குடுத்துக்கலாம்."

தலையாட்டினேன். மறுத்துப் பேச உடம்பில் தெம்பில்லை.

திங்கட்கிழமை நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடை இருபது மைக்ரான் குறைவாகவே போய் நின்றுகொண்டிருந்தது. கீல் அளவுக்கு மேல் வளையாமலிருக்க ஒரு தடுப்புத் திருகு உண்டு. வைத்ததே நான்தான். அதைக் கால் சுற்று தளர்த்தி, மின்னழுத்தத்தை ஏற்றினேன். அரை மில்லிமீட்டர் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நாள் முழுக்க அப்படியே ஓடவிட்டேன். பதிவேட்டில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை, வெட்கமாக இருந்தது.

மதியம் கட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பதினோரு வருடமாக என் வரைபடங்களை உலோகத்தில் வெட்டித் தருகிற அண்ணன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இயந்திரம் நின்றிருந்தது. பகலில் அது நின்று நான் பார்த்ததே இல்லை.

"வா தங்கச்சி. உங்க மேனேஜர் போன் பண்ணாரு. மொதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கடைசியா ஒரு மெல்லிசு வெட்டு போட்டு வழவழன்னு ஆக்கணும்ல? அத போட்டேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் வரல. போட்டிருக்க மாட்டேன் போல. இனிமே இந்த வேலை போதும்னு வீட்டுல சொல்லிட்டேன்."

அவர் போட்டிருந்தார். காலையில் நுண்ணோக்கியில் அந்த வழவழப்பைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டியிருக்கிறேன்.

"அண்ணே, நீங்க போட்டீங்க. வெட்டுல ஒரு குறையும் இல்ல. தடுப்புத் திருக நான்தான் தளர்த்துனேன்."

"எவ்வளவு?"

"கால் சுத்து."

"அவருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. இப்பதான் போய்ச் சொல்லணும்."

அவர் கையை நீட்டினார். கட்டியைக் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டை விரல் நகத்தை விரிசல் விடாத ஒரு கீலின் வளைவில் வைத்து மெதுவாக இழுத்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை, வழவழவென்று போனது. மறுபடியும் முதலிலிருந்து இழுத்தார்.