ஸ்டாண்டு மைக்

மார்ச் 11, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு சிறு தவறு. தலைவரைக் கட்சிக்காரர்கள் செல்லமாகப் ‘பால்காரர்’ என்று அழைத்ததாக எழுதியாகிவிட்டது. கட்சிக்காரர்களுக்கு அந்தப் பெயர் கட்டோடு பிடிக்காது. அப்படிக் கூப்பிட்டதெல்லாம் ஜனங்கள்தான்.

வீடு வீடாகப் பால் ஊற்றியவர் அவர். தண்ணீர் வரி ஏறிய வருடம் காலிக் கேனைத் தெருவில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறிப் பேசினார். அங்கே பிடித்த சூடு, ஊரே அவர் பின்னால் திரளும்வரை ஆறவில்லை. மைக்செட்காரர் (இந்த டைரிக்காரர்தான்) அன்றிலிருந்தே அவரோடு இருந்தார். தலைவருக்கு ஓரிடத்தில் நின்று பேச வராது. மைக்கும் கையுமாகக் கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார். ஸ்டாண்டு மைக் வண்டியிலேயே தூங்கும்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் கட்சிச் செயலாளர் வந்தார். “இன்னைக்கு ஸ்டாண்டு வைப்பா. டிவிக்காரங்க கேக்கறாங்க.”

மைக்செட்காரர் வைத்தார். “என்னய்யா, என்னைக் கட்டிப்போட்டுட்ட?” என்று தலைவர் சிரித்துவிட்டு, நின்ற இடத்திலேயே பேசத் தொடங்கினார். எதிர்மாடியிலிருந்து வந்த குண்டு நெஞ்சில் பாய்ந்தது.

சுட்டவன் தப்பிவிட்டான். போலீஸ் பிடித்தது தலைவரின் டிரைவரை, அதாவது மைக்செட்காரரின் அக்கா கணவரை. வண்டியைத் தூரமாக நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தாமதப்படுத்தினாராம், அவரும் உடந்தையாம்.

“அங்க நிறுத்தச் சொன்னதே செயலாளர்தானாம்டா. சொன்னா யாரு நம்பறாங்க?” என்றாள் அக்கா.

ஸ்டாண்டு வைக்கச் சொன்னவரும் அவர்தான் என்பது மைக்செட்காரருக்கு உறைத்தது. இன்று காலை முதல் வேலையாக டிவி கேமராக்காரரைத் தேடிப் போனார்.

“நாங்க எங்கண்ணே ஸ்டாண்டு கேட்டோம்? பால்காரர் நடந்தாத்தானே எங்களுக்குப் பொழப்பு!”

மதியம் செயலாளரே கூப்பிட்டு அனுப்பினார். இப்போது பொறுப்புத் தலைவர் அவர்தான். இரங்கல் கூட்டத்துக்கு மைக்செட் வேண்டுமாம்.

“ஸ்டாண்டு வைக்கட்டுமாண்ணே?”

உதட்டருகே போன டீ கிளாஸ் நின்றது. “வேணாம், வேணாம். கையில புடிக்கிறதே குடு.” பிறகு சிரிக்காமல் சொன்னார்: “உன் மாமா விஷயத்தை நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு.”

மைக்செட்காரர் அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினார். “சாட்சி சொல்லப் போனா, ஸ்டாண்டை வெச்சது யாருன்னு முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. நானும் உள்ள போயிட்டேன்னா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வெச்சது நீ, வைக்கச் சொன்னது அவன். ரெண்டையும் சேத்துச் சொல்லு. பாதியை முழுங்கிட்டு வந்து என் வீட்டுல உக்காராத.”

அதுவரை அவர் கழற்றாமலே இருந்த செருப்பை அக்காதான் வாசலில் விடச் சொன்னாள், சாப்பிடச் சொன்னாள்.

நாளை: காலையில் கேமராக்காரரை வரச்சொல்லி, அக்காவோடு வக்கீலைப் பார்ப்பது. மூவரும் ஒன்றாகவே போவது.