பின்சீட்டின் இடது மூலை

திருமயம் கோட்டை பைரவருக்குச் சிதறுகாய் போடாமல் அந்த வழியில் எந்த மோட்டாரும் தாண்டாது. தாண்டினால் வண்டிக்கு ஆகாது என்பது டிரைவர்களின் சட்டம். அந்தச் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டுதான் டிரைவர் ஆண்டியப்பன் தன் முதலாளியம்மா சேதுலட்சுமி ஆச்சியைக் கொன்றான். ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவனேதான் சொல்லிக்கொண்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் ஒரு நாள் ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். வீட்டு பிளைமவுத் காரின் பின்சீட்டில், அவள் எப்போதும் உட்காரும் இடது மூலையில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கோயில் வந்ததும் வழக்கம்போல நிறுத்தினான். காய் உடைத்துவிட்டு வந்து பார்த்தால், ஆச்சியின் கண் நிலைகுத்தியிருந்தது.

"ஆத்தா செத்த வண்டி நம்ம வாசல்ல நிக்க வேண்டாம்" என்று ஆச்சியின் மகன் தேனப்பன் காரை அவனுக்கே கொடுத்துவிட்டார். அவன் அதை வாடகைக்கு ஓட்டினான். ஏறுகிறவர்கள், என்ன காரணமோ, அந்த மூலையில் மட்டும் உட்காருவதில்லை. ஒருவர் மேல் ஒருவர் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள்.

மூன்று வருஷம் கழித்து, அதே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அதே சீட்டில் அவன் மகள் ராசாத்தி, தலைப்பிரசவ வலியில் துடித்தாள். தாயில்லாப் பெண். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று கைவிரித்த மருத்துவச்சி, கூடவே அந்த வண்டியில் ஏறப் பயந்து நின்றுவிட்டாள்.

கோயில் தெரிந்தது. நிறுத்தினால் அன்றைக்கு நடந்தது நடக்கும். நிறுத்தாமல் போனால் பைரவர் சும்மா விடுவாரா? பாழாய்ப்போன கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்தது. வண்டி ஊர்ந்தது.

"நிப்பாட்டாதே ஆண்டியப்பா. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ போ."

குரல் பின்னாலிருந்து வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அது பட்டப்பகல், மண்டையைப் பிளக்கும் உச்சி வெயில். அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை அமுக்கினான்.

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மறுநாள் காலையில் ராசாத்தி கேட்டாள்:

"அந்த ஆச்சி யாருப்பா? வலியில முகம் சரியாத் தெரியல. வழிநெடுக என் தலைய மடியில வச்சுக்கிட்டு வந்தாங்களே. கைதான் சில்லுன்னு இருந்துச்சு."

ஆண்டியப்பன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு திருமயம் வந்தான். போகையில் விட்டதற்கு ஒன்று, வருகைக்கு ஒன்று என்று இரண்டு காய் உடைத்தான். பிறகு இடது பக்கப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் நிற்பதுபோலவே ஒதுங்கி நின்றான்.

"என்னைய மன்னிச்சிருங்க ஆச்சி."

அமுங்கிக் கிடந்த சீட்டு மெல்ல மேலே எழும்பியது.