பதினாறு பக்கங்கள் காணவில்லை

அத்தான் புத்தகம் வாசிக்கிற விதம் எனக்கு மனப்பாடம். முதலில் முகர்ந்து பார்ப்பார். அப்புறம் ஜன்னலோர மேஜையில் அதைச் சாய்த்துவைத்து, பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, போனில் படம் எடுப்பார். ‘இப்போது என் கையில்’ என்று எழுதி வாசகர் குழுவுக்கு அனுப்புவார். அதோடு வாசிப்பு முடிந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதற்கு லென்ஸ் தேய்த்துக் கொடுத்தவளே நான்தான்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வாரத்துக்கு ஆறு நாள் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே முன்னறையில் வாசகர் வட்டம் கூடும். வட்டம் என்றால் மொத்தம் நாலு பேர். அத்தான், ஒரு பல் டாக்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அப்புறம் ஓர் இன்ஜினியர். அந்த இன்ஜினியருக்கு நான் வைத்த பெயர் ‘முன்னுரை’. எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் முன்னுரையில் இருப்பதைத் தாண்டி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இப்போது என்ன வாசிக்கிறோம் என்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும் என்பது வட்டத்தின் விதி. டாக்டர் இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார். வாயைத் திறந்துவைத்தபடி பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகிய மனிதர். தலைமையாசிரியை எல்லாப் புத்தகத்தையும் ‘இளமையிலேயே’ படித்துவிட்டார், போன மாதம் வெளிவந்ததையும் சேர்த்து. அக்கா இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைப்பாள். அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிவைக்கிற வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்கக் காகிதத்தோடு மாரடித்துவிட்டு வருகிறவளுக்குப் புத்தகம் எங்கே பிடிக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன். நான் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். சம்பளமில்லாத பொழுதுபோக்கு.

இந்த வருஷ நடுவில் எல்லோரும் ஒரே நாவலை ஒன்றாக வாசிப்பது என்று முடிவு செய்தார்கள். அத்தான் ஐந்து பிரதி தருவித்தார். படகுத்துறை நடத்தும் அண்ணன் தம்பி இரண்டு பேரின் கதை, நானூறு பக்கம். மிஞ்சின ஐந்தாவது பிரதியை நான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நல்ல நாவல். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டை போட்டுவிட்டு, தம்பி தனியாகச் சாப்பிட உட்காருகிறான். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி நூற்று எழுபத்தேழு. அதே பதினாறு பக்கம் இரண்டாம் முறை. அது முடிந்ததும் நேரே இருநூற்று ஒன்பது. அங்கே அண்ணன் செத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. தம்பி யாரோடும் பேசுவதில்லை. பைண்டிங்கில் தப்பு நடந்திருக்கிறது. ஒரே கட்டில் வந்த பிரதிகள்; எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகித்தேன்.

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மூன்று ஞாயிறு வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். குழுவில் படங்கள் வந்தபடி இருந்தன. ‘பாதி தாண்டிவிட்டேன், மூச்சு முட்டுகிறது’ என்று முன்னுரை எழுதினார். ‘நேற்று முடித்தேன். இன்னும் மீளவில்லை’ என்று டாக்டர் எழுதினார். பக்கம் விட்டுப்போனதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

நாலாவது ஞாயிறு எல்லோரும் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் பேசி முடித்ததும் நான் படியிலிருந்து கேட்டேன்.

“டாக்டர், அந்த அண்ணன் எப்படிச் செத்தான்?”

அவர் திரும்பிப் பார்த்தார். “அதை ஆசிரியர் சொல்ல மாட்டாரும்மா. நாமளா புரிஞ்சுக்கணும்.”

“சாப்பிட உட்கார்ந்த தம்பி, அதே சண்டையை முதல்ல இருந்து போடறானே, அது ஏன்?”

டாக்டர் டீயை எடுத்தார். முன்னுரைதான் முதலில் சுதாரித்தார்.

“அது ஒரு உத்திம்மா. காலம் வட்டமா சுத்துதுன்னு காட்டறார்.”

“பதினாறு பக்கம் வரிக்கு வரி அப்படியே வருது, சார்.”

“நானும் கவனிச்சேன்,” என்றார் தலைமையாசிரியை. “ரெண்டாவது தடவை படிக்கிறப்போ வேற அர்த்தம் குடுத்துது.”

நான் எழுந்துபோய் டாக்டரின் பிரதியை எடுத்துப் பிரித்தேன். புத்தம்புதிதாய்ச் சடசடவென்று சத்தம் போட்டுத் திறந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு அடுத்து நூற்று எழுபத்தேழு. “இது அச்சாபீஸ் தப்பு, உத்தி இல்லை,” என்று எல்லோருக்கும் காட்டினேன். முன்னுரையின் பிரதியும் அப்படியே. தலைமையாசிரியை தன் பிரதியைக் கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டார். கடைசியாக அத்தானின் பிரதியை எடுத்தேன். அவரை மட்டும் விடுவானேன்.

அதில் நூற்றுத் தொண்ணூற்றுமூன்று இருந்தது. இருநூற்று எட்டு வரை எல்லாம் இருந்தது. தனியாக அச்சடித்து வந்த தாள்களை ஓரம் சரியாக வெட்டி, இரண்டு துளை போட்டு, பச்சை நாடாவில் கட்டி உள்ளே செருகியிருந்தது. இரண்டாம் முறை வந்த பக்கங்களில் பென்சிலால் குறுக்குக்கோடு.

என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்த அத்தானின் முகத்தில் என்னைவிட அதிக ஆச்சரியம். ஒரு நொடிதான். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நான் பதிப்பகத்துக்குச் சொல்லி வாங்கினேன்,” என்றார். “நீங்க எல்லாம் கண்டுபிடிக்கிறீங்களான்னு பார்க்கத்தான் சும்மா இருந்தேன்.”

டாக்டர் கை தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். மூன்று வாரம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, அத்தானுக்கு மாலையாகப் போய் விழுந்தது. முன்னுரை அந்தப் பச்சை நாடாவைப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்த மாதிரி நாடாவை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கோப்புகளில் கட்டுவது. புத்தகத்தோடு சமையலறைக்குப் போனேன். அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இது நீ கட்டினதா?”

“ஆமா.”

“நீ இதைப் படிச்சியா?”

“பஸ்ல படிப்பேன். அவர் எப்படியும் திறக்க மாட்டார், எடுத்தது தெரியாது.” டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். “பக்கம் இல்லைன்னதும் போன் பண்ணிக் கேட்டேன். மன்னிச்சுக்குங்கன்னு சொல்லி நாலே நாள்ல அனுப்பிட்டாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீ எப்போ படிச்சு முடிச்சே?”

“மூணு வாரம் ஆச்சு.”

“மூணு வாரமா அந்த ஆள் எப்படிச் செத்தான்னு தெரியாமத்தான் இருந்தியா?”

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் படிக்கட்டிலிருந்து அந்த நாலு பேரைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. என் மேல் அது விழுவது இதுதான் முதல் தடவை.

“அவங்க படிக்கவே இல்லை, சரி,” என்றாள். “நீ படிச்சே. படிச்சிட்டு, அவங்களைக் கேவலப்படுத்த வசமா ஒண்ணு கிடைச்சுதுன்னு அதையே கட்டிப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டே. அந்தப் பக்கத்துல என்ன இருந்துதுன்னு உனக்குக் கவலையே இல்லை. அவங்களுக்கும் உனக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

“அத்தான் உன் வேலையைத் தன்னோடதுன்னு சொல்லிக்கிறார். உனக்குக் கோபம் வரலையா?”

“அவர் சொல்லிக்கட்டும். படிச்சது நான்தானே.”

முன்னறையில் மறுபடி டாக்டரின் குரல் எழும்பியிருந்தது. ஆசிரியர் வேண்டுமென்றேதான் பக்கங்களை விட்டிருக்க வேண்டும் என்று புதிதாக ஏதோ நிறுவிக்கொண்டிருந்தார். நான் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தேன். தம்பிதான் கொன்றிருப்பான் என்று முடிவுகட்டி, அதை வைத்துப் பேச ஓர் உரையே மனதில் தயாராக வைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. அண்ணன் படகின் கயிற்றை அவிழ்க்கப் போய் வழுக்கித் தண்ணீரில் விழுகிறான். இரண்டு தடவை கூப்பிடுகிறான். தம்பிக்கு அது காதில் விழுகிறது. சண்டை போட்ட கோபம். கூப்பிடட்டும் என்று சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். தட்டைக் கழுவிவைத்துவிட்டுத்தான் வெளியே போகிறான்.

படித்து முடித்து நிமிர்ந்தேன். அக்கா பையில் எதையோ எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். காக்கித்தாளில் அட்டை போட்ட தடித்த புத்தகம்.

“இப்போ என்ன படிக்கிறே?” என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா நீயும் படிச்சிட்டுப் படியில வந்து உட்கார்ந்துக்குவே.”

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள். அன்று சாயங்காலம் அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தானின் அலமாரியில் எது குறைகிறது என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். பக்கத்துப் புத்தகங்களை நெருக்கித் தள்ளி, எடுத்த இடமே தெரியாமல் மூடியிருந்தாள்.