பச்சைப் படகின் இரண்டாவது சாவி

படகு ஒன்றுதான், சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் அச்சகக்காரர், இன்னொருவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். ஒரு வாரம் இவருக்கு, மறு வாரம் அவருக்கு என்று ஆறு வருஷம் எந்த மனஸ்தாபமும் இல்லாமல் ஓடியது. போன மாதம் மாப்பிள்ளை தன் முறை வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல், வெள்ளைப் படகுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்தார். அங்கே பிடித்தது சனியன்.

"பாதிதானே உங்களுது? உங்க பாதிக்கு மட்டும் அடிச்சிருக்க வேண்டியதுதானே மாப்ளே?" என்றார் அச்சகக்காரர்.

"எந்தப் பாதி உங்களுதுன்னு கோடு போட்டுக் காட்டுங்க மச்சான். சுரண்டிக் குடுத்துடறேன்."

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அச்சகக்காரர் சும்மா இருக்கிற ஆளா? தன் வாரம் முடிந்தும் சாவியைக் கொடுக்கவில்லை. வேண்டுமானால் வந்து வாயைத் திறந்து கேட்கட்டும் என்று, அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டார். வீம்பு என்றால் இதுதான் வீம்பு.

சனிக்கிழமை காலை மருந்து பாட்டில் லேபிள்களை வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, உங்க தங்கச்சி பேசினா. பாப்பாவோட மூணு பேரும் ஏரிக்குப் போய்ட்டிருக்காங்களாம், படகுல சுத்த."

"எப்படிப் போவாங்க? சாவி இங்கேல்ல தொங்குது!"

"மாப்பிள்ளை வேற சாவி வெட்டிட்டாராம். நான் சொன்னதா சொல்லித் தொலைக்காதீங்க."

அச்சகக்காரருக்குத் தலைக்கேறியது. "என்ன நெஞ்சழுத்தம் பாரு! திருட்டுச் சாவி போட்டு எம்படகையே எடுத்துட்டுப் போறாரா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கினார். சங்கிலியில் கோத்திருந்த கறுப்பு ரப்பர் அடைப்பான் ஆடிவந்து அவர் மணிக்கட்டில் இடித்தது.

அப்படியே நின்றுவிட்டார்.

படகின் பின்பக்கம், அடியில், ஒரு ஓட்டை உண்டு. கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக அடைப்பானை எடுத்துவிடுவார்கள். மறந்துபோய் அப்படியே ஏரியில் இறக்கிவிடக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி செய்திருந்தார்கள். எடுத்த அடைப்பானைச் சாவிச் சங்கிலியில் மாட்டிவிட வேண்டும். சாவியோடு அடைப்பான் தொங்கினால் ஓட்டை திறந்திருக்கிறது. வெறும் சாவி என்றால் மூடியிருக்கிறது. ஆறு வருஷமாகக் குனிந்து பார்க்கிற வேலையே இல்லை, சாவியைப் பார்த்தால் போதும்.

புதுச் சாவியில் எது தொங்கும்? அது எப்போதும் வெறும் சாவிதான்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். இரண்டு முறை அடித்தது, வெட்டப்பட்டது. மறுபடி போட்டார், மாப்பிள்ளை மறுபடி வெட்டினார். தங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குப் பயந்து அவள் அதைக் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறவள். தங்கைக்கு நீச்சல் தெரியாது. ஏழு வயசுப் பாப்பாவுக்கும் தெரியாது. மிதவைச் சட்டைகள்? துவைக்க எடுத்துவந்தவர் இவர்தான். நாலும் இவர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்தன. அது இல்லாமல் கிளம்பிய புண்ணியவானை என்ன சொல்ல, அதைத் திருப்பி வைக்காத இந்தப் புண்ணியவானைத்தான் என்ன சொல்ல!

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. படகு இறக்கும் சரிவில் போய் நின்றார். கரையில் ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளையின் கார் மட்டும் நின்றது. படகு நடு ஏரியில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. பாப்பா தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். பச்சைக்குக் கீழே சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு விட்டிருந்தார் மாப்பிள்ளை. முன்பக்கம் அந்தக் கோடு தெரிந்தது. பின்பக்கம் தெரியவே இல்லை, தண்ணீருக்குள் போயிருந்தது.

"ஓட்டை! மாப்ளே, ஓட்டை!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எதிர்க்காற்று. இரண்டு கையையும் ஆட்டினார். மாப்பிள்ளை எழுந்து பார்த்தார், சண்டைக்கு வந்துவிட்டார் மனுஷன் என்று நினைத்திருப்பார். 'போங்க போங்க' என்று கையை வீசிவிட்டு எஞ்சினைக் கிளப்பி எதிர்ப்பக்கம் திருப்பினார்.

அச்சகக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். படகு ஓடுகிறவரை பயமில்லை, ஓட்டத்தில் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் வெளியே போகும். நின்றால்தான் உள்ளே ஏறும். தளப் பலகைக்குக் கீழே நிறைகிற தண்ணீர் மேலே தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். இவர் கண்ணுக்குப் படாத தூரம் போனதும் மாப்பிள்ளை நிச்சயம் நிறுத்துவார். இவர் கத்தினால் இன்னும் தூரம்தான் போவார். இப்போது எதைச் செய்தால் அந்த ஆள் திரும்பி வருவார்?

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சிமென்ட் சரிவில் தடாலென்று விழுந்தார்.

கன்னம் தரையில் கிடக்க, ஒரு கண்ணால் பார்த்தார். தங்கை எழுந்து நின்று மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். படகு சட்டென்று திரும்பியது. 'நிறுத்திடாதீங்க, நிறுத்திடாதீங்க' என்று முணுமுணுத்தபடியே கிடந்தார். பச்சைப் படகு நேராக அவரை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்து, வேகம் குறைக்காமல், கரகரவென்று சிமென்ட்டில் ஏறி நின்றது.

"மச்சான்! என்னாச்சு மச்சான்? எந்திரிங்க!" முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிவந்தார் மாப்பிள்ளை. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் 'மச்சான்' அது. "அண்ணே!" என்று தங்கை அலறினாள்.

படகுக்குள்ளிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "அப்பா, என் செருப்பு மிதக்குதுப்பா!"

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அச்சகக்காரர் மூடியிருந்த கையைத் திறந்து காட்டினார். அடைப்பானைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மனைவியையும் கைபிடித்து இறக்கிவிட்டு, அச்சகக்காரர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என் சாவியில ஒண்ணும் தொங்கல மச்சான்... அதான் நான்..."

"தெரியும். நான் சாவியைக் குடுத்திருந்தா உங்களுக்கு வேற சாவி எதுக்கு?"

அச்சகக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "நடிக்கத்தான் விழுந்தேன் மாப்ளே. இப்ப நெசமாவே எந்திரிக்க முடியல" என்று சிரிக்கப் போனவருக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. தங்கை ஒரு பக்கமும் மாப்பிள்ளை ஒரு பக்கமும் தாங்கித் தூக்கினார்கள்.

"அந்தப் பச்சையை நாளைக்கே சுரண்டிடறேன் மச்சான்."

"பச்சையை என்னமோ பண்ணுங்க. அந்த வெள்ளைக் கோட்டுல மட்டும் கை வெச்சுடாதீங்க" என்றார் அச்சகக்காரர்.